டோயா வில்காக்ஸ்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

2020 ஊரடங்கின்போது இங்கிலாந்தில் ஒரு வீட்டுச் சமையலறை யூடியூபில் பிரபலமானது. கிங் கிரிம்சன் இசைக்குழுவின் ராபர்ட் ஃப்ரிப், முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் கிடார் வாசிப்பார். பக்கத்தில் அவருடைய மனைவி விதவிதமான வேடத்தில் ஆடிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, அடுத்தவர்களின் ராக் பாட்டுகளைப் பாடுவார். 2021 ஜனவரியில் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தபடி மெட்டாலிக்காவின் பாட்டு ஒன்றைப் பாடிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. ஃப்ரிப்பை அறிந்தவர்கள் பலர் அன்றைக்குத்தான் "இந்த அம்மா யார்?" என்று கேட்டார்கள்.

அவர் டோயா வில்காக்ஸ். 1981-இல் பிரிட்டனின் மிகப் பெரிய பெண் பாப் நட்சத்திரங்களில் ஒருவர். தேடிப் போகிறவர்களுக்கு அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஸ்டுடியோ ஆல்பங்களே ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்று பங்க் (70-களின் முரட்டு ராக்) மாதிரி, ஒன்று பாப் மாதிரி, ஒன்று பேய்க்கதை மாதிரி, இன்னொன்று இசையா வசைமொழியா என்றே சொல்ல முடியாத மாதிரி. தப்பான இடத்தில் கை வைத்தால் "இவ்வளவுதானா" என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடுவோம்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1982-இல் வந்த 'தி சேஞ்ச்லிங்'தான் அவருடைய மிகச் சிறந்த வேலை. இன்று அதிகம் பேசப்படாத, காத்திக் இருள் படிந்த ஆல்பம். காத்திக் என்றால் பேய், மரணம், மன இருட்டு என்று திரியும் ராக் பாணி. ஆனால் எல்லோருக்கும் அதுவே முதல் ஆல்பமாக இருக்க முடியாது. நான்கு வாசல்களை வரிசையாகத் திறந்து பார்த்துவிடுவோம்.

## முதலில் ஆளைப் பற்றி

டோயா 1958-இல் பர்மிங்காமில் பிறந்தவர். பாடகி ஆவதற்கு முன்பே நடிகை. 1977-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறினார். டெரிக் ஜார்மன் 1978-இல் எடுத்த 'ஜூபிலி' என்ற பங்க் படத்தில் தீ வைக்கும் வெறி பிடித்த பெண்ணாக வந்தார். 1979-இல் கேத்தரின் ஹெப்பர்னோடு ஒரு தொலைக்காட்சிப் படம், 'குவாட்ரோஃபீனியா', ஜார்மன் எடுத்த ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' என்று வரிசையாக வந்தன. கடைசிப் படத்தில் மிராண்டா வேடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவே 1977-இல் கிடார் கலைஞர் ஜோயல் போகனோடு சேர்ந்து ஒரு இசைக்குழு. குழுவுக்கும் 'டோயா' என்றே பெயர். சஃபாரி ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய கம்பெனி 1979-இல் அவர்களை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அவர் தெற்கு லண்டனின் பேட்டர்சியில் ஒரு பழைய கிடங்கில் குடியிருந்தார், சவப்பெட்டியில்தான் தூங்குவார். பேட்டிகளில் அவரே சொன்னது. காத்திக் என்ற சொல் ஒரு பாணியாக நிலைபெறுவதற்கு முன்பே வாழ்க்கையை அப்படி அமைத்துக்கொண்டவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு 1981. பிப்ரவரியில் வந்த 'இட்ஸ் எ மிஸ்டரி' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம். 'ஐ வான்ட் டு பி ஃப்ரீ' 8-ஆம் இடம். 'தண்டர் இன் த மவுன்டன்ஸ்' மறுபடியும் 4. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கிலிருந்து பிபிசி அவருடைய கச்சேரியை நேரலையாகக் காட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படுக்கையறைச் சுவரெல்லாம் ஆரஞ்சுத் தலைமுடியோடு அவர் படம்.

1983-க்குப் பிறகு வேகம் குறைந்தது. பெரிய கம்பெனிக்கு மாறி 1985-இல் 'மின்க்ஸ்' வந்தது. 1986-இல் ஃப்ரிப்போடு திருமணம். அதன் பின் சோதனை முயற்சி ஆல்பங்கள், நாடக மேடை, தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பு. 'டெலிட்டப்பீஸ்' குழந்தைத் தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கும் குரல்கூட இவருடையதுதான். 2021-இல் வந்த 'போஷ் பாப்' ஆல்பம் 22-ஆம் இடம் வரை ஏறியது. அதற்குச் சமையலறை வீடியோக்களும் ஒரு காரணம்.

## எதை வைத்து அளப்பது

ஆல்பங்களை ஒப்பிடும்போது 'எது ஹிட்' என்பது உதவாத அளவுகோல். நான் பார்ப்பவை இவை.

முதலாவது, நடிகை தெரிகிறாரா. டோயாவின் குரல் தொழில்முறைப் பாடகியின் குரல் அல்ல. குழந்தையாகக் கொஞ்சும், கிழவியாக முனகும், கூவும், உறுமும். அந்த வேடமாற்றம் இல்லாத டோயா ஆல்பம் உப்பில்லாத பண்டம்.

இரண்டாவது, இருள் எவ்வளவு, எப்படிப்பட்டது. பேய்ப்பட விளையாட்டு இருள் ஒன்று உண்டு, மனசுக்குள்ளிருந்து வரும் இருள் ஒன்று உண்டு. அவரிடம் இரண்டும் இருக்கின்றன.

மூன்றாவது, தயாரிப்பு எவ்வளவு பழசாகிவிட்டது. 80-களின் சின்தசைசரும் டிரம்ஸ் எதிரொலியும் சிலருக்கு இனிக்கும், சிலருக்குக் காதில் குத்தும்.

நான்காவது, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே இருப்பில் கேட்க முடிகிறதா, அல்லது மூன்று பாட்டுகளுக்காக எட்டைச் சகித்துக்கொள்ள வேண்டுமா.

ஐந்தாவது, எந்தப் பதிப்பு கைக்கு வரும், அதில் என்ன சேரும், என்ன விட்டுப்போகும். இதை மட்டும் கடைசியில் தனியாகப் பார்க்கலாம்.

## வாசல் ஒன்று: 'ஆன்தம்' (1981)

என்ன கிடைக்கும். புகழின் உச்சியில் நிற்கும் டோயா. பிரிட்டிஷ் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்த ஆல்பம். நிக் டாபரின் தயாரிப்பு. பழைய குழு 1980 முடிவில் கலைந்துபோய், போகனை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாகச் சேர்த்த ஆட்கள்: பேஸ் கிடாரில் ஃபில் ஸ்பால்டிங், கீபோர்டில் ஏட்ரியன் லீ, டிரம்ஸில் நைஜல் க்ளாக்ளர். க்ளாக்ளர் பிறகு சாக்ஸன் என்ற ஹெவி மெட்டல் குழுவுக்குப் போனவர் என்பது தெரிந்தால், இந்த பாப் ஆல்பத்தில் டிரம்ஸ் ஏன் இவ்வளவு முரட்டுத்தனமாக விழுகிறது என்பதும் புரியும்.

'இட்ஸ் எ மிஸ்டரி' இதில்தான். அது அவர் எழுதிய பாட்டு அல்ல, ப்ளட் டோனர் குழுவின் கீத் ஹேல் எழுதியது. மற்ற பாட்டுகளை வைத்துப் பார்த்தால் வெளியாள் எழுதியது என்பது காதுக்கே தெரியும். அது மிதக்கிறது, மற்றவை பாய்கின்றன. 'ஐ வான்ட் டு பி ஃப்ரீ' பதினைந்து வயசுக்காரர்களுக்கான கோஷம். அந்த வயசைத் தாண்டியவர்களுக்கு இரண்டாம் முறை கேட்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் 'மேரியனெட்' கேளுங்கள். நூலில் ஆடும் பொம்மையைப் பற்றி நடிகை ஒருவர் பாடும்போது வரும் கசப்பு அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வரப்போகும் ஆல்பத்தின் விதை அங்கேதான்.

மறைந்திருக்கும் செலவு. இதில் தொடங்குகிறவர்கள் டோயாவைக் கலர் முடிப் புரட்சிக்காரி என்று மனதில் பதித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தச் சித்திரத்தை அழிப்பது கஷ்டம். பிரிட்டிஷ் விமர்சகர்களிலேயே பலர் அதை அழிக்கவே இல்லை. இன்னொன்று, 'தண்டர் இன் த மவுன்டன்ஸ்' மூல எல்.பி.யில் (முழு ஆல்பத்தின் இசைத்தட்டில்) கிடையாது. அது தனி சிங்கிளாக, அதாவது ஒரே பாட்டை முன்னிறுத்தும் சிறு தட்டாக, வந்தது. அதை நம்பிப் பழைய தட்டு வாங்கினால் ஏமாற்றம்தான்.

எப்போது இதுவே சரி. அதே காலத்து ஆடம் அண்ட் தி ஆன்ட்ஸ், ப்ளாண்டி ஆகிய இசைக்குழுக்களெல்லாம் ஏற்கெனவே உங்கள் பட்டியலில் இருந்தால். மெட்டு உடனே நாக்கில் ஒட்ட வேண்டும் என்கிறவர்களுக்கும் இதுதான்.

## வாசல் இரண்டு: 'தி ப்ளூ மீனிங்' (1980)

என்ன கிடைக்கும். கட்டவிழ்த்துவிட்ட டோயா. 40-ஆம் இடத்தோடு நின்றுபோன ஆல்பம். அதற்கு மேல் ஏறியிருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். தொடக்கப் பாட்டான 'ஐயேயா' எட்டு நிமிஷத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு மந்திர உச்சாடனம். பாட்டின் பெயரே அதில் திரும்பத் திரும்ப வரும் கூவல். இசை நிகழ்ச்சிகளின் இறுதியில் ரசிகர்களை ஆவேசம் கொள்ள வைத்த பாட்டு. 'கோஸ்ட்ஸ்', 'மம்மீஸ்' என்ற தலைப்புகளே போதும், எந்த ஊர் இருள் என்று சொல்லிவிடும். 'ஸ்பேஸ்டு வாக்கிங்' பாட்டில் ஹீலியம் வாயுவை உள்ளிழுத்துக்கொண்டு பாடியிருக்கிறார்.

இருள் இங்கே விளையாட்டு. மலிவு விலைப் பேய்ப்படத்தை நள்ளிரவில் நண்பர்களோடு உட்கார்ந்து பார்க்கிற சுகம். பயமும் உண்டு, சிரிப்பும் உண்டு. இசைக்குழு இன்னும் பங்க் காலத்து அவசரத்தில் இருக்கிறது. பீட் புஷ்ஷின் கீபோர்டு மட்டும் எல்லாவற்றையும் ஒரு மங்கலான மண்டபத்துக்குள் இழுத்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு. பொறுமை. கத்தல் அதிகம். வீட்டில் நால்வர் இருக்கும்போது ஒலிக்கவிடக்கூடிய ஆல்பம் இல்லை. சில பாட்டுகள் யோசனையாக நன்றாக இருந்து பாட்டாக முடியாமல் போனவை. ஒலியும் மெலிந்தது, பிந்தைய ஆல்பங்களைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால் ஒரு போர்வையைப் போர்த்தியதுபோல் இருக்கும்.

எப்போது இதுவே சரி. அதே காலத்துப் பாடகிகளான நீனா ஹேகனின் கூச்சலும் லீன் லோவிச்சின் கிறீச்சிடலும் பிடித்தவர்கள் நேராக இங்கே வரலாம். பங்க் எப்படி காத்திக்காக மாறியது என்று தேடிப் பார்ப்பவர்களுக்கும் இது நல்ல சான்று.

## வாசல் மூன்று: 'தி சேஞ்ச்லிங்' (1982)

என்ன கிடைக்கும். கிராமத்துக் குழந்தையைத் தேவதைகள் தூக்கிக்கொண்டு போய்விட்டு, தொட்டிலில் தங்கள் குழந்தையை விட்டுச்செல்லும் என்பது ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கை. அப்படி மாற்றி வைக்கப்பட்ட குழந்தைதான் தலைப்பில் இருப்பது. ஓராண்டுப் புகழுக்குப் பிறகு, தன் பெயரில் சுவரொட்டியில் நிற்பது தான்தானா என்ற சந்தேகம் ஒரு பாடகிக்கு வந்தால் இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

1982 ஜூனில் வெளிவந்தது. அந்த மாதத்தைக் கவனிக்க வேண்டும். தி க்யூர் குழுவின் 'போர்னோகிராஃபி' அதற்கு முந்தைய மாதம்தான் வந்தது. காத்திக் கூட்டத்தின் தாய்வீடாகப் பின்னால் பேசப்பட்ட பேட்கேவ் இரவு விடுதி லண்டன் சோஹோவில் திறந்தது அதற்கு அடுத்த மாதம். ஆக, காத்திக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வட்டம் போட்டுக் காட்டும் அதே கோடைகாலத்தில், பள்ளிப் பிள்ளைகளின் பாப் நட்சத்திரம் ஒருவர் 'க்ரீப்பி ரூம்' என்ற பாட்டோடு ஒரு ஆல்பத்தைத் திறக்கிறார். அது பட்டியலில் 6-ஆம் இடம் வரை போகிறது. 'போர்னோகிராஃபி' எட்டியது 8. இன்று அந்த 8-ஆம் இடம் புனித நூல். 6-ஆம் இடத்தை யாரும் பேசுவதில்லை.

காரணம் இசையில் இல்லை என்பது என் எண்ணம். காத்திக்கின் ராணியாகப் பேசப்படும் பாடகி சூக்சி கறுப்பு உடையில் ரசிகர்களை முறைத்தார், டோயா பிள்ளைகளின் பத்திரிகை அட்டையில் சிரித்தார். இருளுக்கும் ஒரு வாசல்காவல் இருந்தது. பாப் அட்டையிலிருந்து வந்தவரை அது உள்ளே விடவில்லை.

தயாரிப்பாளர் பெயரைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஸ்டீவ் லில்லிவைட். அதே சூக்சியின் குழுவான சூக்சி அண்ட் த பான்ஷீஸின் முதல் ஆல்பத்தை 1978-இல் தயாரித்தவர் அவர்தான். பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில், எதிரொலியைப் பெருக்கிவிட்டுச் சட்டென்று வெட்டும் அந்த டிரம்ஸ் சத்தத்துக்குப் பங்களித்தவர். யூ2-வின் முதல் மூன்று ஆல்பங்களும் அவர் கையால் வந்தவை. இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் சைமன் ஃபிலிப்ஸ், அப்போதே பிரிட்டனில் எல்லோரும் தேடிய வாத்தியக்காரர். இந்த இருவரும் சேர்ந்தபோது 'ஆன்தம்' ஆல்பத்தின் பளபளப்பு போய், கற்சுவர் மண்டபத்தில் அடி விழுவதுபோன்ற கனம் வந்தது. போகனின் கிடார் முன்னால் வந்து நிற்காமல் பின்னணியில் வளைந்து வளைந்து போகிறது. மெட்டைத் தாங்குவது பேஸும் டிரம்ஸும்தான்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'ப்ளூ மீனிங்'கில் அவர் பத்து வேடம் போட்டார், ஒவ்வொன்றும் கைதட்டலுக்காக. இங்கே வேடம் குறைவு, உள்ளே போகும் ஆழம் அதிகம். 'ஏஞ்சல் அண்ட் மீ' பாட்டில் அவர் கத்துவார் என்று எதிர்பார்க்கும் இடத்தில் குரலை இறக்குகிறார். 'காஸ்ட்அவேஸ்' கரையொதுங்கியவர்களின் பாட்டு, அதற்கேற்ற சோர்வோடு. 'டான் கோரஸ்' குழுக்குரலை அடுக்கடுக்காக எழுப்புகிறது. 'தி பாக்ட்' பழைய எழுத்துக்கூட்டலில் தலைப்பை வைத்துக்கொண்டு உடன்படிக்கை, இரத்தம் என்று போகிறது. அதில் கொஞ்சம் நாடகத்தனம் கூடிவிட்டது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். 'தி ட்ரூய்ட்ஸ்' பாட்டும் அப்படியே. பழங்கால பூசாரிகளை பிரிட்டிஷ் ராக் பாட்டில் யார் கூப்பிட்டாலும் ஒரு சிட்டிகை சிரிப்பும் கூடவே வந்துவிடும்.

இப்போது மிராண்டாவுக்கு வருவோம். ஆல்பத்திலிருந்து சிங்கிளாக வந்த பாட்டு 'ப்ரேவ் நியூ வேர்ல்டு'. 21-ஆம் இடம். இந்தச் சொற்றொடர் பலருக்கு ஆல்டஸ் ஹக்ஸ்லியின் நாவலாகத்தான் தெரியும். அதன் ஊற்று 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தின் மிராண்டா. தீவிலேயே வளர்ந்து, தந்தையையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரையும் தவிர மனிதரையே பார்க்காத பெண், முதல்முறை ஒரு கூட்டத்தைப் பார்த்து வியந்து சொல்லும் வார்த்தை அது. மூன்று ஆண்டுக்கு முன் அந்தப் பெண்ணாக நடித்தவர் டோயா. இடையில் உலகத்தைப் பார்த்துவிட்டார். அதனால் பாட்டில் வியப்பு இல்லை, விடைபெறும் தொனிதான் இருக்கிறது. நடிகையும் பாடகியும் ஒரே ஆளாகும் இடம் இது. அவருடைய வேறெந்த ஆல்பத்திலும் இவ்வளவு இயல்பாக இது நடக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு. முதல் முறை கேட்டால் ஒன்றும் ஒட்டாது. 'இட்ஸ் எ மிஸ்டரி' போல ஒரு பாட்டுகூட இல்லை. அன்றைய ரசிகர்களும் அதையே தேடி ஏமாந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 'லவ் இஸ் த லா' வெளிச்சத்துக்குத் திரும்பியது, ஆனாலும் 28-ஆம் இடம்தான். புகழின் இறக்கம் இந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பித்தது என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு செலவு கருவி. போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸும் டிரம்ஸும் கரைந்து, புலம்பல் மட்டும் மிஞ்சும். நல்ல ஹெட்போன் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

எப்போது இதுவே சரி. பான்ஷீஸ், பாஹாஸ், க்யூர் போன்ற காத்திக் குழுக்கள் ஏற்கெனவே பழக்கம் என்றால் 'ஆன்தம்' வழியாகச் சுற்றி வரவே வேண்டாம். ஆல்பத்தை முழுதாகக் கேட்கும் வழக்கம் உள்ளவர்களுக்கும் நேர்வழி இதுதான்.

## வாசல் நான்கு: 'ப்ராஸ்டிட்யூட்' (1988)

என்ன கிடைக்கும். கோபம். திருமணத்துக்குப் பிறகு தன்னை 'ஃப்ரிப்பின் மனைவி' என்று சுருக்கிப் பார்த்தவர்களுக்குப் பதில் சொல்வதுபோல் ஒரு ஆல்பம். 'வைஃப்', 'ட்ரீம் ஹவுஸ்', 'ஹோம்கிராஃப்ட்' என்ற தலைப்புகள் யாரை நோக்கி நீட்டிய விரல் என்று தெரிகிறது. தாளக் கலைஞர் ஸ்டீவ் சிடெல்னிக்கோடு சேர்ந்து செய்தது. தாளமும் பேச்சும் ஒட்டுவேலை ஒலிகளும்தான் கட்டுமானம். பாதி பாட்டு, பாதி ஓரங்க நாடகம்.

காத்திக் என்று இதைச் சொல்ல முடியாது. இருள் வேறு வகை: பேய் பங்களா இல்லை, பளிச்சென்று துடைத்த வீட்டின் பகல் வெளிச்சம்.

மறைந்திருக்கும் செலவு. அவர் எதை உதறுகிறார் என்று தெரிந்திருந்தால்தான் இது வலிக்கும். 'ஆன்தம்' கேட்காதவர்களுக்கு இது வெறும் சோதனை முயற்சியாகத் தெரியும்.

எப்போது இதுவே சரி. பாப் மெட்டே வேண்டாம் என்கிறவர்களுக்கு. அல்லது சமையலறை வீடியோவில் அந்தத் தம்பதி சிரிப்புக்குப் பின்னால் என்ன கணக்கு தீர்க்கிறார்கள் என்று யோசித்தவர்களுக்கு. இதே காலகட்டத்தில் இன்னும் மென்மையான ஒன்று வேண்டுமென்றால் 1991-இன் 'ஒஃபீலியாஸ் ஷேடோ'. ட்ரே கன் போன்ற ஃப்ரிப் வட்டத்துக் கலைஞர்களோடு செய்தது, மறுபடியும் ஷேக்ஸ்பியர் பெண் ஒருத்தியின் பெயரோடு.

## தொகுப்பு ஆல்பம் வாங்கினால் போதாதா

போதும், ஹிட்டுகள் மட்டும் போதும் என்றால். ஒரே ஒரு எச்சரிக்கை. 90-களின் நடுவில் டோயா தன் பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார். 1995-இன் 'லுக்கிங் பேக்' அப்படிப்பட்டது. ஸ்ட்ரீமிங் செயலியில் 'இட்ஸ் எ மிஸ்டரி' என்று தேடினால் மூலப் பதிவும் மறுபதிவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கலாம். பெயரை நம்பாமல் ஆண்டைப் பாருங்கள். மறுபதிவில் குரல் தேர்ந்துவிட்டது, பாட்டுதான் போய்விட்டது.

நேரலை ஆல்பமும் ஒரு வழி. 1982-இல் ஹாமர்ஸ்மித் ஓடியனில் பதிவான 'வாரியர் ராக்' இரட்டைத் தட்டு, 20-ஆம் இடம். 'சேஞ்ச்லிங்' பாட்டுகளோடு பழைய பாட்டுகளும் கலந்து வரும். லில்லிவைட்டின் கற்சுவர் இதில் இல்லை, அதற்குப் பதில் வேகம் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | ஆன்தம் | ப்ளூ மீனிங் | சேஞ்ச்லிங் | ப்ராஸ்டிட்யூட் |
|---|---|---|---|---|
| ஆண்டு | 1981 | 1980 | 1982 | 1988 |
| பிரிட்டிஷ் பட்டியல் | 2 | 40 | 6 | பேசும்படி இல்லை |
| நடிகை தெரிகிறாரா | அங்கங்கே | ஒவ்வொரு வரியிலும், கூடுதலாகவே | ஆம், அடங்கிய விதத்தில் | ஓரங்க நாடகமாக |
| இருள் | ஓரத்தில் மட்டும் | பேய்ப்பட விளையாட்டு | உள்ளிருந்து | பகல் வெளிச்ச இருள் |
| ஒலி பழசாகிவிட்டதா | கீபோர்டு காட்டிக்கொடுக்கும் | மெலிந்தது | டிரம்ஸ் இன்றும் நிற்கிறது | ஒட்டுவேலை ஒலிகளில் ஆண்டு தெரியும் |
| முழுதாகக் கேட்க | முக்கால்வாசி | பொறுமை வேண்டும் | ஆம், இரவில் | ஒருமுறை கட்டாயம் |

## பதிப்பும் பணமும்

சஃபாரி காலத்து ஆல்பங்களை 2020 முதல் செர்ரி ரெட் நிறுவனம் மறுபதிப்பாகக் கொண்டுவருகிறது. தனி சிங்கிள்கள், அவற்றின் மறுபக்கப் பாட்டுகள், ஒத்திகைப் பதிவுகள் எல்லாம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். 'தண்டர் இன் த மவுன்டன்ஸ்' இல்லாத குறை இப்படித்தான் தீரும்.

பழைய எல்.பி.யா, மறுபதிப்பு சி.டி.யா என்று கேட்டால்: 1981, 82-இல் இந்த ஆல்பங்கள் பிரிட்டனில் நிறைய விற்றவை, அதனால் பழைய தட்டு அபூர்வப் பொருள் அல்ல. அங்கே மலிவாகக் கிடைப்பது இங்கே வந்து சேரும்போது கணக்கு மாறும். தபால் கட்டணம், சுங்கம் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தட்டின் விலையை அவை தாண்டிப் போவது சாதாரணம். வேண்டியதை ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்கினால் அடி குறையும். முதல் முறை கேட்க ஸ்ட்ரீமிங் போதும், கேட்டு மனசில் ஒட்டியதற்கு மட்டும் பணம் போடுங்கள். 'ப்ளூ மீனிங்' விஷயத்தில் இதைக் கண்டிப்பாகச் சொல்வேன். அது பிடித்தால் வெறியாகப் பிடிக்கும், பிடிக்காவிட்டால் மூன்றாம் பாட்டோடு தட்டு அலமாரிக்குப் போய்விடும்.

## இன்னும் முடிவு எடுக்க முடியவில்லை என்றால்

ஒரு எளிய வழி இருக்கிறது. மூன்று பாட்டுகளை இதே வரிசையில் கேளுங்கள்: 'மேரியனெட்', 'ஐயேயா', 'ஏஞ்சல் அண்ட் மீ'. முதலாவதில் நின்றுவிட்டால் 'ஆன்தம்'. இரண்டாவது முடியும் முன்பே சத்தத்தைக் கூட்டினால் 'ப்ளூ மீனிங்'. மூன்றாவது முடிந்ததும் திரும்பப் போடத் தோன்றினால் 'சேஞ்ச்லிங்'தான் உங்களுடையது, மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றும் சலிப்பாக இருந்தால் 'ப்ராஸ்டிட்யூட்' ஆல்பத்தின் 'வைஃப்' ஒன்றைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

'சேஞ்ச்லிங்' பிடித்துப்போனவர்கள் அடுத்து 'லவ் இஸ் த லா'வுக்குத் தாவ வேண்டாம். ஆண்டு வரிசைப்படி அதுதான் அடுத்தது, மனநிலைப்படி அது வேறு வீடு. 'வாரியர் ராக்' கேட்டுவிட்டு ஒன்பது ஆண்டு தாண்டி 'ஒஃபீலியாஸ் ஷேடோ'வுக்குப் போங்கள்.